சித்திக்கு மார்பகப் புற்றுநோய் என்று வந்திருக்கிறது. அவரிடம் சொல்வதா, மறைப்பதா?

தம்பி, நீங்கள் எழுதியிருப்பதை இரண்டு முறை படித்தேன். சித்திக்கு 49 வயது, ஊர் கோவில்பட்டி. இடது மார்பில் கட்டி. ஊசி போட்டு எடுத்த சதையில் புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்துவிட்டது. அதைக் கையில் வாங்கிய சித்தப்பா, "அவகிட்ட யாரும் மூச்சு விடக்கூடாது, கொழுப்புக் கட்டின்னே சொல்லிருவோம்" என்கிறார். சென்னையில் இருக்கும் நீங்கள் எப்படித் துணை நிற்பது, எந்த ஆஸ்பத்திரி, பணத்துக்கு என்ன வழி, சாப்பாடு எப்படி என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் வருகிறேன். அதற்கு முன்னால் சித்தப்பா சொன்ன அந்த வாக்கியத்தைப் பேசியாக வேண்டும்.

சித்தியிடம் சொல்லுங்கள். மதுரையில் 22 வருடம் கீமோ வார்டில் நர்ஸாக இருந்தவள் என்கிற முறையில் சொல்கிறேன். மற்ற எல்லா உதவியும் இதற்குப் பிறகுதான்.

எங்கள் வீட்டிலேயே இந்தத் தப்பு நடந்தது. நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. பெரியம்மாவுக்கு இதே நோய். வீட்டுப் பெரியவர்கள் கூடி, சொல்ல வேண்டாம் என்று முடிவு கட்டினார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனாலும் எதிர்த்துப் பேசவில்லை. "கட்டி கரைய மருந்து ஏத்துறாங்க" என்று சொல்லி முதல் கீமோவைப் போட்டோம். இரண்டாவது கீமோ தேதியில் திருமங்கலத்தில் அவருடைய தம்பி மகளுக்கு வளைகாப்பு. "கட்டி எங்க ஓடியா போகுது, வளைகாப்பு முடிச்சிட்டு வாரேன்" என்று பட்டுச்சேலை கட்டிக் கிளம்பிவிட்டார். தடுக்க வேண்டுமானால் உண்மையைச் சொல்ல வேண்டும். யாரும் வாயைத் திறக்கவில்லை. போன இடத்தில் காய்ச்சல் தொற்றி, அது ஆற நாளாகி, 21 நாளில் போட வேண்டிய மருந்து 40 நாள் கழித்துத்தான் ஏறியது.

அந்த 40 நாளுக்குள்தான் நான் சொன்னேன். பெரியம்மா திண்ணையில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, "பெரியம்மா, அது கொழுப்புக் கட்டி இல்ல, கேன்சர்" என்றேன். சுளகு நிற்கவில்லை. இன்னும் நாலு தடவை புடைத்தார். பிறகு, "அப்ப அந்த ஊசி இன்னும் எத்தன பாக்கி?" என்று கேட்டார். அழுகை ராத்திரிதான் வந்தது. அதன் பிறகு ஒரு தேதிகூடத் தவறவில்லை. முதல் நாள் சாயங்காலமே ஃபைலை எடுத்துப் பையில் வைத்துவிட்டுத்தான் படுப்பார்.

மார்பகப் புற்றுநோய் சிகிச்சை என்பது மாதக்கணக்கில் நடக்கிற காரியம். கீமோ, ஆபரேஷன், ரேடியேஷன், சிலருக்கு ஐந்து வருடத்துக்கும் மேல் மாத்திரை. இத்தனையையும் தாங்கப்போகிறவர் சித்தி. எதற்காகத் தாங்குகிறோம் என்பதே தெரியாமல் முடி கொட்டுவதையும் வாந்தியையும் ஒருவர் எப்படிப் பொறுத்துக்கொள்வார்? வார்டு வாசலில் 'புற்றுநோய்ப் பிரிவு' என்று பெரிய எழுத்தில் போர்டு இருக்கும். அதை அவர் படிக்கத்தான் போகிறார். போர்டு சொல்வதற்கு முன்னால் உங்களில் ஒருவர் சொல்லிவிடுவது அவருக்குச் செய்கிற மரியாதை.

எப்படிச் சொல்வது? ராத்திரி வேண்டாம், முழு இரவும் முழித்துக் கிடப்பார். காலை வேலை முடிந்து, டிவி ஓடாத நேரம், வீட்டில் ஆள் நடமாட்டம் குறைந்த நேரம். ஏழெட்டுப் பேர் சுற்றி நிற்காமல், அவர் அதிகம் நம்புகிற ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். முதலில் ஒரு கேள்வி: "டாக்டர் ரிப்போர்ட்டப் பாத்துட்டுச் சொன்னாரு சித்தி. உங்களுக்கு எல்லாம் விவரமாச் சொல்லணுமா, இல்ல நாங்க பாத்துக்கட்டுமா?" சிலர், "எல்லாத்தையும் சொல்லு" என்பார்கள். சிலர், "நீங்களே பாத்துக்கங்கப்பா, என்ன செய்யணும்னு மட்டும் சொல்லுங்க" என்பார்கள். இரண்டும் அவருடைய முடிவு. நோயின் பெயரைச் சொல்லும்போது கேன்சர் என்றே சொல்லுங்கள். 'அந்த வியாதி' என்று பெயர் சொல்லாமல் பேசினால் பயம்தான் இரட்டிப்பாகும். சொன்ன பிறகு உடனே ஆறுதலைக் கொட்டாதீர்கள். அவர் பேசும்வரை சும்மா உட்கார்ந்திருங்கள். கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் அந்தச் சில நிமிடம் அவருக்கு வேண்டும்.

சித்தப்பா மேல் கோபப்படாதீர்கள். 22 வருடத்தில் நான் பார்த்த கணவன்மார்களில் பாதிப் பேர் அவரைப் போலத்தான். மனைவி அழுவதைப் பார்க்கிற தெம்பு அவர்களுக்கு இருக்காது. 'அவள் தாங்கமாட்டாள்' என்று சொல்கிறவருக்குத்தான் தாங்க முடியாமல் இருக்கும். அவரைத் தனியாகக் கூட்டிப்போய் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, அவரைப் பேசவிடுங்கள். "நிதானமாச் சொல்லுவோம், நானும் கூட இருக்கேன் சித்தப்பா" என்று சொன்னால் பெரும்பாலும் இறங்கி வந்துவிடுவார்.

அடுத்து, அவசரம் பற்றி. ரிப்போர்ட் வந்த மறுநாளே ஆபரேஷன் செய்யாவிட்டால் பரவிவிடும் என்று யாராவது சொல்வார்கள். இது மணிக்கணக்கில் முடிவெடுக்கிற நோய் இல்லை. சரியான பரிசோதனைக்கு இரண்டு மூன்று வாரம் செலவானால் ஒன்றும் கெட்டுவிடாது. நாட்டு மருந்து பார்க்கிறோம், தை பிறக்கட்டும், மகள் கல்யாணம் முடியட்டும் என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. ஊசி குத்தினாலோ கத்தி வைத்தாலோ பரவிவிடும் என்பதும் பொய். அந்தப் பயத்தில் ஆறு மாதம் கழித்து, புண்ணாகி வந்தவர்களுக்கு என் கையால் கட்டுப்போட்டிருக்கிறேன்.

சித்தியின் ரிப்போர்ட்டில் புற்றுநோய் என்பது மட்டும்தான் வந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதே சதையில் இன்னொரு பரிசோதனை உண்டு, ஐஹெச்சி என்பார்கள். அதில் மூன்று வரிகள் வரும்: ஈஆர், பிஆர், ஹெர்-2. எந்த மருந்து என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் அந்த மூன்றுதான். ஈஆர், பிஆர் பாசிட்டிவ் என்றால் அந்தக் கட்டி உடம்பின் ஹார்மோனைத் தின்று வளர்கிறது, அதை அடைக்கிற மாத்திரை வேலை செய்யும். ஹெர்-2 பாசிட்டிவ் என்றால் அந்தப் பெயருள்ள புரதம் கட்டியில் அதிகம், அதற்கு டிராஸ்டுஸுமாப் என்ற ஊசி, மூன்று வாரத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் ஒரு வருடம். நம் நாட்டுக் கம்பெனிகளே தயாரிக்க ஆரம்பித்த பிறகு அதன் விலை முன்பைவிட இறங்கியிருக்கிறது. ஹெர்-2 வரியில் '2+' என்று இருந்தால் அது பாசிட்டிவும் இல்லை, நெகட்டிவும் இல்லை. ஃபிஷ் என்ற இன்னொரு பரிசோதனை செய்தால்தான் தெரியும். இதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறவர்கள் உண்டு, நீங்கள் கேட்டு வாங்குங்கள். மூன்றுமே நெகட்டிவ் என்றால் பயந்துவிடாதீர்கள், அதற்குக் கீமோ நன்றாகவே கேட்கும்.

"ஆபரேஷன் பண்ணாம ஏன் முதல்லயே கீமோ போடுறாங்க, ஆபரேஷன் பண்ற நிலைமையத் தாண்டிருச்சா?" என்று வார்டில் கேட்காத குடும்பமே கிடையாது. கட்டி பெரிதாக இருந்தாலோ, அக்குளில் நெறி கட்டியிருந்தாலோ, ஹெர்-2 பாசிட்டிவாக இருந்தாலோ, முதலில் கீமோ கொடுத்துச் சுருக்கிவிட்டு ஆபரேஷனுக்குப் போவது வழக்கமான முறைதான். மருந்து வேலை செய்கிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம் என்பது அதில் இன்னொரு நன்மை.

ஆபரேஷன் பேச்சு வரும்போது வீட்டு ஆட்கள் முந்திக்கொண்டு, "மொத்தமா எடுத்துருங்க டாக்டர், வயசான காலத்துல அது எதுக்கு" என்பார்கள். 49 வயது வயதான காலமா? கட்டியை மட்டும் எடுத்துவிட்டு மார்பைக் காப்பாற்றி, பிறகு ரேடியேஷன் கொடுப்பது பலருக்கு முடியும். பொருத்தமானவர்களுக்கு, முழுதாக எடுப்பதற்கும் இதற்கும் உயிர் பிழைப்பதில் வித்தியாசம் இல்லை. சித்திக்கு இது முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். முடியும் என்றால் எது வேண்டும் என்று சித்தி சொல்லட்டும். முழுதாக எடுத்துவிடுங்கள், நிம்மதியாக இருப்பேன் என்று அவரே சொன்னால் அதுவும் சரி. சொல்ல வேண்டியவர் அவர்.

ஒரு ஃபைல் போடுங்கள். சென்னையில் இருந்துகொண்டே நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இதுதான். எல்லா ரிப்போர்ட்டும் தேதி வரிசையில், எல்லாவற்றுக்கும் போனில் ஒரு படம். பயாப்ஸி செய்த, அதாவது அந்தச் சதையைப் பரிசோதித்த லேபில், ரிப்போர்ட் பேப்பரோடு கண்ணாடிச் சிலைடையும், மெழுகில் பதித்து வைத்திருக்கும் பிளாக்கையும் கேட்டு வாங்குங்கள். வேறு ஆஸ்பத்திரியில் இரண்டாவது கருத்து கேட்கப்போனால் அதைத்தான் முதலில் கேட்பார்கள். கூடவே நாற்பது பக்க நோட்டு ஒன்று. சித்திக்குத் தோன்றுகிற சந்தேகத்தை அவரே அதில் எழுதட்டும். டாக்டர் அறைக்குள் போனதும் எல்லாம் மறந்துபோகும், வெளியே வந்த பிறகுதான் ஞாபகம் வரும். அனுமதி கேட்டுவிட்டு டாக்டர் சொல்வதைப் போனில் பதிவு செய்துகொள்வதும் நல்லது.

எங்கே காட்டுவது? சென்னை அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி என்று எழுதியிருக்கிறீர்கள். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி, 1954-ல் 12 படுக்கையோடு தொடங்கிய இடம் அது. இன்றைக்கும் நம் ஜனங்களுக்கு அந்தப் பெயரே ஒரு தைரியம். போய்க் காட்டுங்கள், கருத்து கேளுங்கள். ஆனால் மொத்தச் சிகிச்சையையும் சென்னையில் வைத்துக்கொள்வதற்கு முன்னால் கணக்குப் பாருங்கள். ரேடியேஷன் என்றால் வாரத்தில் ஐந்து நாள், மூன்றிலிருந்து ஐந்து வாரம். ப்ளஸ் டூ படிக்கிற மகனை விட்டுவிட்டு சித்தி எங்கே தங்குவார்? திருநெல்வேலி, மதுரை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. திட்டம் பெரிய இடத்தில் போட்டுக்கொண்டு, கீமோவைப் பக்கத்தில் ஏற்றிக்கொள்வதைப் பல டாக்டர்கள் ஏற்றுக்கொள்வார்கள். இந்த நோய்க்கு மருந்து வரிசை பெரும்பாலும் எல்லா இடத்திலும் ஒன்றுதான். வீட்டுச் சாப்பாடும் சொந்தக் கட்டிலும் சின்ன விஷயம் இல்லை.

பணம்: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் சேரலாம், குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை. கீமோ, ஆபரேஷன், ரேடியேஷன் மூன்றும் அதில் வரும். இல்லையென்றால் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டு கவுன்ட்டருக்குச் சித்தப்பாவை அனுப்புங்கள். செய்வதற்கு ஒரு வேலை கிடைத்தால் அவருக்கும் நல்லது. ரயிலில் சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றாம் வகுப்பு ஏசியிலும் கட்டணமே இல்லை, கூட வருகிற ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. ஆஸ்பத்திரியில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்கி முன்பதிவு கவுன்ட்டரில் கொடுக்க வேண்டும். நகையை அடகு வைத்துவிட்டு, இந்தச் சலுகை இருப்பதே தெரியாமல் வந்து நின்ற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

கீமோ நாட்களைப் பற்றி நான் அதிகம் சொல்வேன், ஏனென்றால் என் வாழ்க்கை அங்கேதான் போனது. முதலில் ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள். நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போதாது. மருந்து ஏறி ஏழாவது நாளிலிருந்து பதினான்காவது நாள் வரை வெள்ளை அணு மிகவும் குறைந்திருக்கும். அந்தச் சமயத்தில் 100.4 டிகிரி காட்டினால், ராத்திரி இரண்டு மணியானாலும், பாராசிட்டமால் போட்டுப் படுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். போனதும் முதல் வார்த்தையாக, "கீமோ போட்டு இத்தனை நாள், காய்ச்சல்" என்று சொல்ல வேண்டும். மற்றதை மறந்தாலும் இதை மட்டும் மறக்கக்கூடாது. இதை எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டச் சொல்லுங்கள்.

சிவப்பு மருந்து என்று ஒன்று உண்டு. அது ஏறிய பிறகு ஒன்றிரண்டு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும். ரத்தம் என்று நினைத்துப் பதறிவிடுவார்கள், முன்பே சொல்லிவையுங்கள். வெள்ளை அணு ஏறப் போடும் ஊசிக்குப் பிறகு இடுப்பும் முதுகும் உளையும், அதற்கும் பயம் வேண்டாம். வாய் கசக்கும். எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் குடித்தால் இரும்பு வாடை என்பார்கள். கண்ணாடி டம்ளரில் கொடுங்கள். வாயில் புண் இல்லாத நாளில் ஒரு துண்டு நார்த்தங்காய் ஊறுகாய் போதும், கஞ்சி இறங்கிவிடும். புண் வந்துவிட்டால் புளிப்பு, காரம் கூடாது. உப்பும் சமையல் சோடாவும் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் கொப்பளிக்க வேண்டும். மூன்று வேளை நிறையச் சாப்பிடச் சொல்லாமல், இரண்டு மணிக்கு ஒருமுறை கொஞ்சமாகக் கொடுங்கள். இட்லி, நன்றாக வெந்த முட்டை, பருப்பு, மீன் எல்லாம் ஆகும். வெளியில் வாங்கும் சட்னி வேண்டாம். முள்சீத்தா இலை, பப்பாளி இலைச்சாறு, சர்க்கரையை அடியோடு நிறுத்து என்று போனில் வந்துகொண்டே இருக்கும். கீமோ நடக்கும்போது டாக்டருக்குத் தெரியாமல் எந்தச் சாறும் கொடுக்காதீர்கள், கல்லீரல் ஏற்கெனவே சுமை தூக்கிக்கொண்டிருக்கிறது. கொடுக்கிறவர்கள் அன்பில்தான் கொடுக்கிறார்கள். "டாக்டர்கிட்டக் கேட்டுட்டுத் தாரோம்" என்று வாங்கி வைத்துவிடுங்கள்.

முடி. முதல் மருந்து ஏறி இரண்டு மூன்று வாரத்தில் கொட்டத் தொடங்கும். தலையணையில் கொத்தாகக் கிடக்கும், சீப்பில் சுருண்டு வரும். மார்பை எடுக்கச் சம்மதித்தவர்கூட முடிக்கு அழுவார். "முடிதானே, வளந்துரும்" என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். வளரும் என்பது அவருக்கும் தெரியும். கொட்டுவதற்கு முன்பே வெட்டிச் சின்னதாக்கிக்கொள்வதா, மொட்டை போட்டுவிடுவதா என்று அவரிடம் கேளுங்கள். எங்கள் வார்டுக்கு வந்த ஒரு ஆசிரியை, பழனிக்கு வேண்டுதல் என்று ஊரில் சொல்லிவிட்டு, மெய்யாகவே பழனிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தார். அடுத்த கீமோவுக்கு நெற்றியில் விபூதியோடு வந்து உட்கார்ந்தவர் முகத்தில், முடி கையோடு வரும்போது இருந்த பதற்றம் இல்லை. நம் ஊரில் மொட்டை ஒரு அவமானம் இல்லை என்பது நமக்கு ஒரு கொடை.

ஆபரேஷனுக்கு முன்பு முன்பக்கம் திறக்கிற நைட்டி மூன்று வாங்கிக் கொடுங்கள். அக்குளிலிருந்து ஒரு குழாய் போட்டுப் பை தொங்கவிட்டிருப்பார்கள். காலையும் மாலையும் அதில் எத்தனை மில்லி என்று நோட்டில் குறிக்க வேண்டும். குழாய் எடுத்த பிறகு கையைத் தூக்கும் பயிற்சி: சுவரைப் பார்த்து நின்று, விரலால் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறுவது. நேற்று எட்டிய இடத்தில் பென்சில் கோடு போட்டுவைத்தால், இன்றைக்கு அதைத் தாண்டப் பார்ப்பார்கள். அக்குள் நெறி எடுத்த பக்கத்துக் கையில் இறுக்கமான வளையல், ஊசி, பிரஷர் பார்ப்பது வேண்டாம் என்று சொல்வார்கள். அந்தக் கை சிவந்து சூடாகி வீங்கினால் காட்ட வேண்டும். முழுதாக எடுத்தவர்களுக்கு உள்ளே வைத்துக்கொள்ளத் துணியிலும் சிலிக்கானிலும் செயற்கை மார்பு கிடைக்கிறது. ஜாக்கெட்டில் உள்பை வைத்துத் தைக்கச் சொன்னால், வழக்கமான டெய்லர் அக்காவே தைத்துக் கொடுத்துவிடுவார்.

பார்க்க வருகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வருவார்கள். வந்து, இதே நோயில் இறந்துபோன யாரோ ஒருவர் கதையைச் சொல்லிவிட்டுப் போவார்கள். வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்ப ஒரு ஆள் வேண்டும். சளி, இருமல் உள்ளவர் அறவே கூடாது. "என்ன உதவி வேணும்னாலும் கேளுங்க" என்கிறவர்களிடம், செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாடு, பையனை டியூஷனில் விடுவது என்று குறிப்பாகக் கேட்டுவிடுங்கள். சந்தோஷமாகச் செய்வார்கள்.

சித்தி மகளுக்கு வரன் பார்ப்பதால் வெளியில் தெரியக்கூடாது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கவலை எனக்குப் புரிகிறது. வெளியாருக்கு என்ன சொல்வது என்பதையும் சித்தியும் மகளும் முடிவு செய்யட்டும். மார்பகப் புற்றுநோயில் பரம்பரையாக வருவது நூற்றில் ஐந்திலிருந்து பத்துதான். சித்திக்கு மரபணுப் பரிசோதனை தேவையா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டால், மகளுக்கும் ஊகத்துக்குப் பதிலாக ஒரு பதில் கிடைக்கும். இன்னொன்றை நீங்கள் கேட்கவே இல்லை. உங்கள் அம்மா சித்தியின் கூடப்பிறந்த அக்கா. அவருக்கு ஒரு மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே, எடுங்கள். வலியில்லை, கட்டியில்லை என்று தட்டிக் கழிப்பார். இந்தக் கட்டி பெரும்பாலும் வலிக்காது.

வெள்ளிக்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறினால் சனிக்கிழமை காலை கோவில்பட்டியில் இறங்கிவிடுவீர்கள். முதலில் சித்தப்பாவோடு அந்த டீ. பிறகு சித்தியோடு உட்காருங்கள். ஐஹெச்சி ரிப்போர்ட் வந்ததும், பெயரை மறைத்துவிட்டு அந்த மூன்று வரிகளை மட்டும் எனக்கு எழுதுங்கள். டாக்டரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.